கம்யூனிசம் 1989-ல் விழுந்தது, ஜனநாயகத்துக்கான சண்டை அதற்குப் பிறகுதான்: ஸ்லோவாக்கியாவை வைத்து ஒரு பதில்

“கம்யூனிச ஆட்சி விழுந்த நாடுகளில் ஜனநாயகம் தானாக வந்துவிட்டதா, இல்லை அதற்கென்று மக்கள் தனியாகப் போராட வேண்டியிருந்ததா?” என்பது கேள்வி.

போராட வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால் 1989-ல் தெருவுக்கு வந்ததைவிட அது கஷ்டமான போராட்டம். 1989-ல் எதிரி யார் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த பத்து வருஷத்தில் ஜனநாயகத்தை நெரித்தவர்களையோ மக்களே ஓட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் பெரும்பகுதி சட்டப்படி, கை தூக்கி, பெரும்பான்மையோடு நடந்தது.

போலந்து, ஹங்கேரி பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஸ்லோவாக்கியாவை எடுத்துக்கொள்கிறேன். ஐம்பது லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள சின்ன நாடு. நம் பத்திரிகைகளில் பெயர் வருவதே அபூர்வம். ஆனால் கம்யூனிசத்துக்குப் பிந்தைய அரசியலில் நடக்கக்கூடிய ஏறக்குறைய எல்லாமே அங்கே நடந்திருக்கிறது, அதனால் ஒரு நாட்டை உருப்படியாகப் பார்த்தாலே மற்றவை பாதி புரிந்துவிடும்.

1989 பகுதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அப்போது செக்கோஸ்லோவாக்கியா ஒரே நாடு. நவம்பர் 17-ல் பிராகாவில் (பிராக் என்று நாம் சொல்லும் ஊர்) மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து நொறுக்கியது, அதற்கு முந்தின நாளே ஸ்லோவாக்கியப் பகுதியின் தலைநகரான பிராட்டிஸ்லாவாவில் மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். ‘வன்முறைக்கு எதிரான பொதுமக்கள்’ என்ற இயக்கம் ஸ்லோவாக்கியப் பக்கம் உருவானது. சதுக்கங்களில் கூடியவர்கள் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினார்கள். டிசம்பர் முடிவதற்குள், கம்யூனிச ஆட்சியை எதிர்த்துச் சிறை போன நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் ஜனாதிபதி. அடுத்த ஜூனில் சுதந்திரமான தேர்தல். மொத்தமே ஏழு மாதம். படம் எடுப்பவர்கள் எல்லாம் இங்கேதான் முடிப்பார்கள்.

நாடு ஒன்றானாலும் செக், ஸ்லோவாக் பகுதிகளுக்குத் தனித்தனி அரசு உண்டு. அந்த 1990 தேர்தலுக்குப் பிறகு ஸ்லோவாக்கியாவின் பிரதமராக வந்தவர் விளாடிமிர் மெச்சியர். வயசில் குத்துச்சண்டை போட்டவர், வக்கீல், ஆட்சியின் பிடியைத் தளர்த்தப் பார்த்த 1968 சீர்திருத்தங்களை ஆதரித்ததற்காகக் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர். மேடையில் பேச ஆரம்பித்தால் கூட்டம் கட்டுண்டு கிடக்கும். 1991 ஏப்ரலில் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள், அவர் ‘ஜனநாயக ஸ்லோவாக்கியாவுக்கான இயக்கம்’ என்று தனிக்கட்சி கண்டார். 1992 தேர்தலில் 150 இடங்களில் 74 அவருக்கு.

மக்கள் ஏன் அவர் பக்கம் போனார்கள் என்பதைக் கொஞ்சம் நியாயமாகப் பார்க்க வேண்டும். சந்தைச் சீர்திருத்தம் பிராகாவிலிருந்து வந்தது, அடி விழுந்தது ஸ்லோவாக்கியாவுக்கு. டாங்கி, ஆயுதம் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் அங்கேதான் இருந்தன, சோவியத் முகாம் போனதும் அவற்றுக்கு ஆர்டர் இல்லை. 1991 கடைசியில் செக் பகுதியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேலையின்மை. “இவர்கள் நம்மைக் கேட்காமலே முடிவு செய்கிறார்கள்” என்ற கோபத்துக்கு மெச்சியர் குரல் கொடுத்தார். அந்தக் கோபம் பொய் இல்லை. அப்புறம் அவரும் செக் பிரதமர் வாட்ஸ்லாவ் கிளாவுஸும் பேசி நாட்டை இரண்டாகப் பிரித்தார்கள். கருத்துக்கணிப்புகளில் பிரிவினைக்கு இரண்டு பக்கமும் பெரும்பான்மை ஆதரவு இல்லை, பொதுவாக்கெடுப்பும் வைக்கவில்லை. 1993 ஜனவரி 1-ல் இரண்டு நாடுகள்.

இனிமேல்தான் உண்மையான கதை.

1994 மார்ச்சில் மெச்சியர் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்தார். இலையுதிர் காலத் தேர்தலில் திரும்ப முதலிடம் வந்தார், தேசியவாதக் கட்சியையும் தொழிலாளர் பெயரில் இயங்கிய ஒரு கட்சியையும் சேர்த்துக்கொண்டு 83 இடம். புது நாடாளுமன்றம் கூடியதுமே, நவம்பர் 3 இரவு தொடங்கி விடியும் வரை ஒரு கூட்டம். அங்கே அதற்கு ‘நீண்ட கத்திகளின் இரவு’ என்று பெயர் (ஹிட்லர் தன் கட்சி ஆட்களையே கொன்றுபோட்ட இரவின் பெயர் அது). ரத்தம் எதுவும் சிந்தவில்லை, கைதான் தூக்கினார்கள். அரசுத் தொலைக்காட்சி, வானொலி இரண்டின் மேற்பார்வைக் குழுவிலும் இருந்தவர்களை நீக்கித் தங்கள் ஆட்களைப் போட்டார்கள். அரசுச் சொத்துகளை விற்கும் தேசியச் சொத்து நிதியத்தை முழுசாக எடுத்துக்கொண்டார்கள். உளவுத்துறையைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழுவில் எதிர்க்கட்சிக்கு இடமே கிடையாது என்று ஆக்கினார்கள்.

ஏன் இந்த மூன்று? சொத்து நிதியம் கையில் இருந்தால் ஆலைகளை டெண்டர் இல்லாமல், சந்தை விலையில் ஒரு சின்னப் பங்குக்கு, வேண்டியவர்களுக்குத் தவணையில் கொடுக்கலாம். எரிவாயுச் சேமிப்பு நிறுவனமான நாஃப்தாவின் பெரிய பங்கு ஒன்று அப்படித்தான் கைமாறியது. பொதுமக்களுக்குப் பங்குச்சீட்டு கொடுப்பதாக இருந்த திட்டத்தை ரத்து செய்து, தலைக்குப் பத்தாயிரம் கொருனா கடன்பத்திரம் என்று மாற்றிவிட்டார்கள். இப்படி ஆலை வாங்கியவர்கள் கட்சிக்குப் பணம் கொடுப்பார்கள். தொலைக்காட்சி கையில் இருந்தால் இதையெல்லாம் யாரும் காட்ட மாட்டார்கள். உளவுத்துறையை யாரும் கேட்க முடியாது என்றால், வாயைத் திறப்பவர்களை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூன்றும் சேர்ந்தால் தேர்தலை ரத்து செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

உளவுத்துறை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதற்கு ஒரு சம்பவம். அப்போதைய ஜனாதிபதி மிஹால் கொவாச், மெச்சியர் கட்சியிலிருந்து வந்தவர்தான். ஆனால் 1994-ல் நாடாளுமன்றத்தில் மெச்சியரை வெளிப்படையாக விமர்சித்துப் பேசினார், ஆட்சி கவிழ்ந்ததில் அந்தப் பேச்சுக்கும் பங்கு உண்டு. 1995 ஆகஸ்ட் 31-ல் ஜனாதிபதியின் மகன் காரில் போய்க்கொண்டிருந்தபோது சிலர் வழிமறித்து இழுத்துப் போட்டார்கள். கண்ணைக் கட்டினார்கள், மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள், வாயில் விஸ்கியை ஊற்றிக் குடிக்க வைத்தார்கள், எல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவின் ஹைன்பர்க் ஊரில் காவல் நிலையத்துக்கு எதிரே அவருடைய காரிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஏன் ஆஸ்திரியா? ஒரு மோசடி வழக்கில் அவர் மேல் ஜெர்மனியில் பிடிவாரண்ட் இருந்தது, வெளிநாட்டில் கிடைத்தால் கைது, அப்பாவுக்கு அவமானம். ஆஸ்திரிய நீதிமன்றம் ‘இந்த ஆள் கடத்திக் கொண்டுவரப்பட்டவர்’ என்று சொல்லி ஜெர்மனிக்கு அனுப்ப மறுத்து, ஊருக்குத் திருப்பி அனுப்பியது.

விசாரித்த அதிகாரிகள் உளவுத்துறை பக்கம் விரலை நீட்டினார்கள், ஒருவர் பின் ஒருவராக மாற்றப்பட்டார்கள். உளவுத்துறைக்கு உள்ளிருந்தே ஒரு சாட்சி வந்தார், உயிருக்குப் பயந்து வெளிநாட்டுக்கு ஓடினார். அவருக்கும் வெளியுலகத்துக்கும் தொடர்பாக இருந்த ராபர்ட் ரெமியாஷ் என்ற முன்னாள் போலீஸ்காரர் 1996 ஏப்ரலில் பிராட்டிஸ்லாவாவில் கார் வெடித்துச் செத்தார். இதெல்லாம் எதிர்க்கட்சியும் பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் நடக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதே வருஷக் கடைசி. ஃபிரான்டிஷெக் காவுலிடர் என்ற உறுப்பினர் மெச்சியர் கட்சியை விட்டு விலகினார். நம்மூர் மாதிரி கட்சித்தாவல் தடைச் சட்டம் அங்கே கிடையாது, கட்சி மாறினாலும் பதவி உறுப்பினருடையதுதான். ஆனால் அந்தக் கட்சி வேட்பாளர்களிடம் முன்கூட்டியே தேதி போடாத ராஜினாமாக் கடிதம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தது. அதை எடுத்து நீட்டினார்கள். “இது என் விருப்பம் இல்லை, நான் ராஜினாமா செய்யவில்லை” என்று மனுஷர் சபையிலேயே சொல்கிறார், பெரும்பான்மை கை தூக்கி அவரை வெளியே அனுப்புகிறது. ரெண்டு நாளில் அவர் வீட்டு வாசலில் குண்டு வெடித்தது. அடுத்த ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அவருடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னது. நாடாளுமன்றம் தீர்ப்பைப் படித்துப் பார்த்துவிட்டு, திருப்பிச் சேர்க்க மறுத்துவிட்டது. நீதிமன்றம் ஒழுங்காக வேலை செய்தும் ஒன்றும் நடக்காமல் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1997 மே மாதம் நேட்டோவில் சேர்வது பற்றியும், ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது பற்றியும் பொதுவாக்கெடுப்பு. நேரடித் தேர்தல் கேள்வி மெச்சியருக்குப் பிடிக்கவில்லை, உள்துறை அமைச்சர் அந்தக் கேள்வியே இல்லாத வாக்குச்சீட்டை அச்சடித்து அனுப்பினார். மக்கள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள், பத்து சதவீதம்கூட வாக்கு விழவில்லை. வெளியுறவு அமைச்சர் வெட்கப்பட்டு ராஜினாமா செய்தார். அந்த ஜூலையில் போலந்து, ஹங்கேரி, செக் மூன்றுக்கும் நேட்டோ அழைப்பு, ஸ்லோவாக்கியாவுக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம், விண்ணப்பித்த நாடுகளிலேயே அரசியல் தகுதி இல்லாத ஒரே நாடு என்று எழுதியது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் ஐரோப்பாவின் இதயத்தில் ஒரு கருந்துளை என்றார்.

1998 மார்ச்சில் ஜனாதிபதி கொவாச்சின் பதவிக்காலம் முடிந்தது. புது ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க நாடாளுமன்றத்தில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 90 ஓட்டு வேண்டும். யாருக்கும் அது இல்லை. நாற்காலி காலி, அதிகாரங்களில் பல பிரதமருக்கு வந்தன. மெச்சியர் கையில் அந்த அதிகாரம் வந்த மறுநாளே கடத்தல் வழக்குக்கும் வாக்கெடுப்புக் குளறுபடிக்கும் பொதுமன்னிப்பு அறிவித்தார். யாருமே இன்னும் தண்டிக்கப்படாத குற்றத்துக்கு மன்னிப்பு!

இங்கே அந்த 90 என்ற எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வருவதே இதுதான். அரசியல் சாசனத்தைத் திருத்தவும் அதே 90 வேண்டும். மெச்சியரிடம் இருந்தது 83. ஏழு ஓட்டுக் குறைவு. அந்த ஏழு இருந்திருந்தால் நீதிமன்றத்தையும் தேர்தல் முறையையும் அவர் நிரந்தரமாக மாற்றியிருப்பார். ஹங்கேரியில் 2010-ல் பிரதமரான விக்டர் ஓர்பானின் கட்சிக்கு விழுந்த ஓட்டு சுமார் 53 சதவீதம், அங்கிருந்த தேர்தல் முறையில் அது மூன்றில் இரண்டு பங்கு இடங்களாகப் பெருகியது, அடுத்த வருஷமே புது அரசியல் சாசனம் வந்துவிட்டது. ஸ்லோவாக்கியாவில் விகிதாச்சாரப்படிதான் இடம், முப்பத்தைந்து சதவீத ஓட்டை வைத்துக்கொண்டு அப்படி ஊத முடியாது. இரண்டு நாட்டுத் தலைவர்களின் ஆசையிலும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பெலாரஸ் இன்னொரு கோடி: அந்நாட்டு ஜனாதிபதி லுகஷென்கோ 1996 வாக்கெடுப்பிலேயே தன் பதவிக்காலத்தை நீட்டி நாடாளுமன்றத்தையும் கலைத்து முடித்துவிட்டார். பெரும்பாலானோர் சம்பளமும் அரசிடமிருந்துதான் வந்தது, எதிர்த்து நிற்க யாருக்கும் காலூன்ற இடமில்லை.

சரி, மெச்சியரை எப்படி இறக்கினார்கள்? இதில்தான் எனக்கு மரியாதை.

எதிர்க்கட்சிகள் துண்டு துண்டாக இருந்தன. கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள், தாராளவாதிகள், பழமைவாத ஜனநாயகக் கட்சி, சமூக ஜனநாயகவாதிகள், பசுமைக் கட்சி. கருக்கலைப்பிலிருந்து வரி வரைக்கும் எதிலும் ஒத்துப்போகாதவர்கள். 1997-ல் இந்த ஐந்தும் கூட்டணி கண்டன. 1998 மே மாதம், தேர்தலுக்கு நாலு மாதம் இருக்கும்போது, ஆளுங்கட்சி தேர்தல் சட்டத்தை மாற்றியது: கூட்டணியில் இருக்கும் ஒவ்வொரு கட்சியும் தனித்தனியாக 5 சதவீதம் வாங்க வேண்டும். பசுமைக் கட்சியெல்லாம் எங்கே 5 சதவீதத்துக்குப் போவது? கூட்டணியை உடைக்கவே செய்த சட்டம். அவர்கள் உடையவில்லை, கூட்டணியையே ஒரு கட்சியாகப் பதிவு செய்துவிட்டார்கள். எல்லா வேட்பாளரும் ஒரே பட்டியலில். ஹங்கேரிய மொழி பேசும் சிறுபான்மையினரின் மூன்று கட்சிகளும் அதேபோல ஒன்றாக இணைந்தன. தலைவராக மிகுலாஷ் ட்சுரிண்டா என்ற, பெரிதாக யாரும் கேள்விப்படாத ஒரு ஆளை முன்னிறுத்தினார்கள். பெரிய தலைகளை வைத்தால் யார் பெரியவர் என்ற சண்டையிலேயே தேர்தல் முடிந்திருக்கும். ஆள் மாரத்தான் ஓடுபவர், சைக்கிளை எடுத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றினார்.

கட்சிகளுக்கு வெளியே தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து ‘ஓகே 98’ என்று ஒரு பிரசாரம் நடத்தின. யாருக்கு ஓட்டுப் போடு என்று சொல்லவே இல்லை, போய்ப் போடு என்று மட்டும். ஊர் ஊராக ராக் கச்சேரி, முதல் முறை வாக்காளர்களைக் குறிவைத்து. கணக்கு எளிமையானது: மெச்சியர் ஓட்டு பெரும்பாலும் கிராமத்துப் பெரியவர்களிடம், அவர்கள் எப்படியும் வருவார்கள், வராமல் வீட்டிலிருப்பது இளசுகள்தான். எதிர்ப்பக்கம் மெச்சியர் நெடுஞ்சாலை திறப்பு விழாவுக்குக் கிளாடியா ஷிஃபரைக் கூட்டிக்கொண்டு வந்து ரிப்பன் வெட்டினார். (இதை நான் கற்பனை செய்யவில்லை.)

செப்டம்பர் 25, 26. வாக்குப்பதிவு 84 சதவீதம், முந்தைய தேர்தலைவிட எட்டுப் புள்ளிக்கு மேல் அதிகம். மெச்சியர் கட்சிதான் முதலிடம், 27 சதவீதம், 43 இடம். ட்சுரிண்டா அணிக்கு 42. ஆனால் தேசியவாதிகளைத் தவிர மெச்சியரோடு சேர ஆளில்லை. மறுபக்கம் இடதுசாரிகள், ஹங்கேரியர்கள் எல்லாம் சேர்ந்து 93. ஆட்சி அமைக்க ஹங்கேரியர் கட்சியின் 15 இடம் கணக்குப்படி தேவையே இல்லை, அவர்களையும் சேர்த்ததால்தான் 90-ஐத் தாண்ட முடிந்தது, உடனே சாசனத்தைத் திருத்தி ஜனாதிபதியை மக்களே தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள். மெச்சியர் தொலைக்காட்சியில் வந்து, கண்ணீரோடு ஒரு பாட்டுப் பாடி விடைபெற்றார். அடுத்த வருஷம் அந்த நேரடி ஜனாதிபதித் தேர்தலில் நின்று, ருடால்ஃப் ஷூஸ்டரிடம் 57-க்கு 43 என்று தோற்றார். 2004-ல் ஸ்லோவாக்கியா நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இருந்தது.

“இதெல்லாம் மேற்கத்தியப் பணம்” என்று சிலர் சொல்வார்கள். பணம் வந்தது உண்மை, அமெரிக்க, ஐரோப்பிய அறக்கட்டளைகள் அந்தத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தன. பெலாரஸிலும் கொடுத்தார்கள், அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து கட்சிக்காரர்கள் தங்கள் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே பட்டியலில் நிற்கச் சம்மதித்ததைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. இந்த முறையைத்தான் பிறகு 2000-ல் குரோவேஷியாவும் செர்பியாவும் எடுத்துக்கொண்டன, ஸ்லோவாக்கியர்களே போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஜெயித்தவர்கள் செய்ய முடியாமல் போனதும் நிறைய. ட்சுரிண்டா வந்ததும் அந்தப் பொதுமன்னிப்பை ரத்து செய்தார், அப்படி ரத்து செய்ய அதிகாரமில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2000 ஏப்ரலில் அமைச்சர்களுக்குச் சட்டவிரோதமாகப் போனஸ் கொடுத்த வழக்கில் மெச்சியரைப் பிடிக்கப் போன போலீஸ், அவர் கதவைத் திறக்காததால் வெடி வைத்துத் திறந்தது. பார்க்க ஜோராக இருந்தது, கடத்தல் வழக்கு அப்படியே கிடந்தது. நாடாளுமன்றம் பொதுமன்னிப்பை ரத்து செய்தது 2017-ல்தான், அதாவது கடத்தல் நடந்து 22 வருஷம் கழித்து. கொவாச் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, முந்தின வருஷமே இறந்துவிட்டார். இதற்கிடையில் ட்சுரிண்டாவின் இரண்டாவது ஆட்சிக்காலத்துப் பேரங்கள் பற்றிய ‘கொரில்லா’ ஒட்டுக்கேட்புக் கோப்பு 2011 கடைசியில் கசிந்தது, ஜனநாயகவாதிகள் என்று சொல்லிக்கொண்டவர்களின் பெயரும் நாறியது, மக்கள் கடுங்குளிரில் தெருவில் நின்றார்கள்.

அந்த வெறுப்பில் லாபம் அடைந்தவர் ராபர்ட் ஃபிகோ. 2006-ல் முதல்முறை பிரதமரானபோது அவருடைய கூட்டாளி யார் தெரியுமா? அதே மெச்சியர் கட்சியும் அதே தேசியவாதிகளும்தான். 2018 பிப்ரவரியில், ஊழல் தொடர்புகளைத் தோண்டிக்கொண்டிருந்த பத்திரிகையாளர் யான் குசியாக்கையும் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மார்டினா குஷ்னீரோவாவையும் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். இருவருக்கும் 27 வயது. 1989-க்குப் பிறகு காணாத கூட்டம் தெருவுக்கு வந்தது, ஃபிகோ ராஜினாமா செய்தார். அடுத்த வருஷம் குப்பைக் கிடங்கை எதிர்த்து வழக்காடிப் பெயர் வாங்கிய வக்கீல் சுசானா சாபுட்டோவா ஜனாதிபதி. 2020-ல் ஊழல் ஒழிப்பு என்று வந்த அரசு தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு கவிழ்ந்தது. 2023-ல் ஃபிகோ திரும்ப வந்தார். 2024-ல் பெரிய ஊழல் வழக்குகளைப் பார்த்த சிறப்பு அரசு வழக்கறிஞர் அலுவலகத்தை மூடினார்கள், பொதுத் தொலைக்காட்சி வானொலி நிறுவனத்தைக் கலைத்துவிட்டு வேறு பெயரில் புதிதாக ஆரம்பித்தார்கள். அதே வருஷம் மே மாதம் ஹண்ட்லோவா ஊரில் ஃபிகோவை ஒருவர் சுட்டார், பிழைத்துக்கொண்டார். அரசியல் எதிரியைத் தோட்டாவால் தீர்க்க நினைப்பவன் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அவன் ஜனநாயகத்துக்கு உதவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சிலர் நியாயப்படுத்தியதைப் பார்த்தேன்.

அப்போ ஸ்லோவாக்கியா 1994-க்கே திரும்பிவிட்டதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2023 தேர்தலில் ஃபிகோ கூட்டணிக்குக் கிடைத்தது 79 இடம், சாசனத்தைத் தொட வேண்டுமானால் இன்னும் 11 பேரை எங்கிருந்தாவது தேட வேண்டும். ஆனால் 2025 செப்டம்பரில் அது நடந்தது. அரசு அங்கீகரிக்கும் பாலினம் ஆண், பெண் இரண்டுதான், சில விஷயங்களில் ஐரோப்பியச் சட்டத்தைவிட நாட்டின் சட்டமே மேல் என்றெல்லாம் சொல்லும் திருத்தம். எதிர்க்கட்சி வரிசையிலிருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினரும் வேறு சிலரும் சேர்ந்து கை தூக்க, சரியாக 90 ஓட்டில் நிறைவேறியது. 1998-ல் மெச்சியரை இறக்கிய அந்த ஐந்து கட்சிகளில் ஒன்று இந்தக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி.